கிளப்பா, நாடா? 1936-லேயே அந்த நிலைமை... யார் இந்த அமர் சிங்?

ஐபிஎல் ஆட வெளிநாட்டு வீரர்கள் இங்கே வர்றாங்க. 1930-களில் கதையே வேற!

1910-ல் ராஜ்கோட்டில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர் அமர் சிங், 1932-ல் இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடியவர். 1934-ல் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்டில், ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார்.

ஆனால் டெஸ்ட் ஆடி வயிற்றைக் கழுவ முடியாத காலம் அது. அதனால், இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் கோல்ன் கிளப்புக்காகச் சம்பளத்துக்குப் பந்து வீசினார். 1936-ல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது, முழுநேரமும் அணியோடு இருக்க முடியவில்லை. ஆனாலும் லார்ட்ஸ் டெஸ்டில் 35 ரன்னுக்கு 6 விக்கெட்!

7 டெஸ்ட், 28 விக்கெட். அவ்வளவுதான். 1940-ல் ஜாம்நகரில் நிமோனியாவால் இறந்தபோது வயது வெறும் 29. போர் முடிந்து 1946-ல் இந்தியா மறுபடி டெஸ்ட் ஆடியபோது அவர் இல்லை.