கம்ப்யூட்டருக்கு மொழி தந்த கிரேஸ்!

அந்தச் சிறுமிக்கு ஏழு வயது. அலாரம் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று பார்க்க ஆசை. கழற்றிவிட்டாள், திரும்ப மாட்டத் தெரியவில்லை. இன்னொன்றைப் பார்த்து மாட்டலாமே என்று அதையும் கழற்றினாள். இப்படியே ஏழு கடிகாரங்கள்! அம்மா கண்டுபிடித்து, இனி ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அவர்தான் கிரேஸ் ஹாப்பர். 1906ம் ஆண்டு டிசம்பர் 9ம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, கல்லூரியில் பாடம் நடத்தினார். இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனபோது, எடை குறைவு என்றனர். சிறப்பு அனுமதி வாங்கி, 1943ல் சேர்ந்தே விட்டார்!

ஹார்வர்டு பல்கலையில் இருந்த 51 அடி நீள, 'மார்க் 1' கம்ப்யூட்டரில் அவருக்கு வேலை. அதற்குரிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட வேண்டும். ஒருமுறை சரியாக வேலை செய்த கட்டளைகளை நோட்டில் எழுதி வைத்து, தேவைப்படும்போது பார்த்து எழுதுவர். பார்த்து எழுதும்போது தப்பு வருமே... நமக்கு வருவதுபோல், பெரிய கணித மேதைகளுக்கும் வந்தது.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்தால் என்ன என்று யோசித்தார் கிரேஸ். 'யுனிவாக்' கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தில் பணியாற்றிய போது, 1952ல், 'கம்பைலர்' என்ற புரோகிராமை உருவாக்கினார். கட்டளைகளுக்கு எண் கொடுத்து, காந்த நாடாவில் பதித்து வைத்தார். எண்ணைச் சொன்னால் போதும். கம்ப்யூட்டரே தேடி எடுத்துக் கோர்த்துவிடும். ஆனால், பலரும் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்றனர்!

கிரேஸ் சோர்ந்துவிடவில்லை. அடுத்து வந்த, 'ஏ - 2' கம்பைலரை, 1953ல், வாடிக்கையாளர்களுக்கு உள்ளே எழுதியிருந்ததையும் சேர்த்தே கொடுத்தனர். திருத்தி மேம்படுத்தினால் திருப்பி அனுப்பும்படியும் கேட்டனர். இன்று, 'ஓப்பன் சோர்ஸ்' என்கிறோமே, அதற்கு இது முன்னோடி. தேவைக்கேற்ப உள் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும், 'எப்.பி.ஜி.ஏ.,' சிப்களுக்குக்கூட இப்போது ஓப்பன் சோர்ஸ் கம்பைலர்கள் உண்டு.

பிறகு, ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை கொடுக்க வழி செய்தார். பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் செய்து காட்ட, அதிகாரிகள் மிரண்டு போயினர்! அந்த முயற்சியை அடிப்படையாக வைத்து, 1959ல் உருவாகத் தொடங்கிய, 'கோபால்' மொழி, வங்கிகளில் இன்றும் பயன்படுகிறது.

கடற்படையிலிருந்து, 1986ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. பதவி ரியர் அட்மிரல். 1992 ஜனவரி 1ம் தேதி காலமானார்.

அவரது அலுவலக அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் முள்கள் பின்பக்கமாகச் சுற்றும். ஆனால், நேரத்தைச் சரியாகவே காட்டும்!