ஹூக் என்னும் அறிஞர்

வன்னி நாட்டு வீதிகளிற் செல்லும் லொறியின் அடிப்புறத்தை நோக்கின், கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு நீளும் சுழல்தண்டைக் காணலாம். அதன் முனைகளில் உள்ள இணைப்பைத் தொழிலாளர் யுனிவர்சல் யொயின்ற் என்பர். நூலோர் ஹூக் இணைப்பு என்பர். நான் தமிழ் கற்பிப்பவன், பௌதிகம் பயின்றவனல்லன். ஆயினும் அப்பெயருக்குரியவரின் வரலாறு நம் மாணாக்கர் அறியத்தக்கதென எண்ணுகிறேன்.

றொபேட் ஹூக் 1635இல் இங்கிலாந்தின் வைற் தீவிற் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். ஒக்ஸ்போட்டிற் பயின்ற காலத்தில் றொபேட் பொயில் என்னும் அறிஞருக்குக் காற்றுப்பம்பி அமைக்க உதவினார். 1662இல் றோயல் சங்கத்தின் பரிசோதனைப் பொறுப்பாளரானார். நுணுக்குக்காட்டியால் தக்கையிற் கண்ட சிற்றறைகளுக்கு, நாம் இன்று கலம் என மொழிபெயர்க்கும் பெயரை 1665இல் இட்டவர் இவரே. 1666இல் இலண்டன் மாநகர் தீக்கிரையானபின், அதனை மீளக் கட்டுதற்கு நிலமளந்தோருள்ளும் இவர் ஒருவர்.

சுழல்தண்டு இணைப்பை வானியற் கருவிகளின் பொருட்டு 1670களில் ஆராய்ந்தார். இரு தண்டுகளின் முனைகளிலும் கவை போன்ற பிடி உண்டு. அவற்றைச் சிலுவை வடிவான துண்டொன்று கோத்து நிற்கும். ஆதலின், பள்ளம் மேடுகளில் அச்சு ஏறி இறங்கித் தண்டு சாய்ந்தாலும் சுழற்சி அறுபடாது. ஆனால் முதற்றண்டு சீராகச் சுழல, மற்றையது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். சாய்வு 30 பாகையாயின், அவ்வேகம் நூற்றுக்கு 15 வரை கூடியும் 13 வரை குறைந்தும் வரும். ஹூக் இதனைக் குறையென ஒதுக்கினாரல்லர். சூரிய கடிகாரத்தின் நிழலும் இவ்வாறே சீரின்றி நகர்வதறிந்து, அதன் மணிக்கோடுகளை வகுக்கப் பயன்கொண்டார். லொறியிலோ, இரண்டு இணைப்புகளை முறைப்படி பொருத்தி, ஒன்றன் ஏற்றத்தாழ்வை மற்றதனால் ஈடு செய்வர்.

நம் நாட்டோடும் இவருக்குத் தொடர்புண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679இற் காட்டுவழியாக அருவியாற்றையொட்டி அரிப்புக் கோட்டையை அடைந்தவர் றொபேட் நொக்ஸ். 1681இல் வெளிவந்த அவருடைய இலங்கை நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஹூக்.

ஈர்ப்பு, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்னும் கருத்தில் தமக்கும் பங்குண்டென ஹூக் வாதிட்டார். நியூற்றன் அதனை ஏற்கவில்லை, பகை வளர்ந்தது. 1703இல் ஹூக் மறைந்தார். அவ்வாண்டே நியூற்றன் றோயல் சங்கத்தின் தலைவரானார். ஹூக்கின் உருவமென ஐயமறத் துணியத்தக்க ஓவியம் ஒன்றேனும் இன்று இல்லை.

அக்கருத்தைக் கணிதத்தால் நிறுவிய பெருமை நியூற்றனுடையதே. எனினும், அத்திசையிற் சிந்தித்த முன்னோனை மறைத்தல் அறமாகாது. நியூற்றனைக் கற்பிக்கும் வகுப்பில் ஹூக்கின் பெயரையும் சொல்லுதல் ஆசிரியராகிய நம் கடன்.