அசையாத கையை நினைப்பால் பழக்க முடியுமா? வழி திறந்த ஹான்ஸ் பெர்கர் யார்?

கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பக்கம் பக்கவாதத்தால் கை விழுந்த ஒருவரிடம், கையைத் தூக்குற மாதிரி மனசுல நினைங்கன்னு சொன்னா என்ன ஆகும்? கை அசையாது. ஆனா மூளையில் அந்தக் கையை இயக்கும் பகுதியில் மின் அலை தணியலாம். அதைத் திரையில் காட்டி நோயாளியைப் பழக்குவதுதான் நியூரோஃபீட்பேக். இதற்கு அடித்தளம் போட்டவர் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர்.

1873-ல் பிறந்தவர். ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியில் சிக்காமல் நூலிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி! அவருக்கு என்னமோ ஆச்சுன்னு சகோதரி பதறியிருக்கிறார். தூரத்தில் இருந்தவருக்கு இது எப்படித் தெரிஞ்சது? இந்தக் கேள்விதான் அவரை மூளை ஆய்வுக்கு இழுத்தது.

யேனா நகரில் பல ஆண்டு முயன்று, 1924-ல் மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார். 1929-ல் வெளியிட்டபோது பலர் நம்பலை. 1934-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ஏட்ரியனும் மேத்யூஸும் உறுதி செய்தார்கள். அதுதான் இன்றைய இஇஜி.

கறையும் உண்டு. நாஜி ஆட்சியில் கட்டாயக் கருத்தடைக்குத் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலும் பணியாற்றினார். மனச்சோர்வால் 1941-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மனசு விட்டு மனசு பேசுவதை அவரால் நிரூபிக்க முடியலை. ஆனா ஒருத்தர் தன் மூளை அலையைத் தானே பார்க்கும் வழி பிறந்தது. பக்கவாத நோயாளிகளுக்கு பிசியோதெரபியோடு சேர்த்து, அதை மாற்றாக இல்லாமல் துணையாக, ஆய்வாளர்கள் இன்று சோதித்து வருகிறார்கள்.