எலும்புக்கூட்டைத் தமிழில் பாடம் நடத்திய அமெரிக்க டாக்டர்: யார் இந்த சாமுவேல் கிரீன்?

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால், அருவிக்கரைப் பாறையில் வழுக்கி விழுபவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவோம். மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். தென்காசிக்கு வந்து எக்ஸ்ரே எடுத்தால், ரிப்போர்ட்டில் 'டிஸ்டல் ரேடியஸ் ஃப்ராக்சர்' என்று இருக்கும். வீட்டில் கேட்டால், 'கை எலும்பு விட்டுப்போச்சு' என்போம்.

ஆனால் முழங்கைக்குக் கீழே இருப்பது ஒரு எலும்பு இல்லை, இரண்டு. உள்ளங்கையை மேலே பார்த்தபடி நீட்டி, அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா மீது குறுக்காக வந்து படுக்கிறது. கை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் உடைவது இந்த ஆரை எலும்புதான். அதன் கீழ்முனையை ஒட்டி, மணிக்கட்டில் மட்டும் 8 குட்டி எலும்புகள். ஒரு கையில் 27. பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்தம் 206.

இதையெல்லாம் ஒரு மருத்துவ மாணவருக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்க முடியுமா? 160 ஆண்டுகளுக்கு முன்பே முடியும் என்று காட்டியவர் ஒரு அமெரிக்கர்.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1822-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்தார். (நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரும்பங்கு வகித்த ஆண்ட்ரூ கிரீன் இவருடைய அண்ணன்.) 1847-ல், 25 வயதில், அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டே மானிப்பாய். அங்கே வைத்தியமும் பார்த்தார், மாணவர்களைச் சேர்த்து வகுப்பும் நடத்தினார்.

வகுப்பு முதலில் ஆங்கிலத்தில்தான் நடந்தது. படித்து முடித்தவர்கள் அரசு வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டார்கள். கிராமத்தில் காலராவோடு போராடுபவர்களுக்கு டாக்டர் இல்லை. தமிழில் படித்தவர் தமிழ் ஊரிலேயே தங்குவார் என்பது கிரீனின் கணக்கு. 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம்தான் வேலைக்கு வழி என்று நம்பிய காலத்தில் இது துணிச்சலான முடிவு. மாணவர்கள் கோட்டும் சூட்டுமாக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. தமிழ் உடையிலேயே இருக்கட்டும் என்றார்.

பாடப்புத்தகம்? அதைத்தான் உட்கார்ந்து உருவாக்கினார், மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு. அனாட்டமிக்கு அவர் பயன்படுத்திய சொல் அங்காதிபாதம். தலைமுடி முதல் பாதம் வரை வர்ணிக்கும் கேசாதிபாதத்தை நினைவுபடுத்தும் சொல். முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது: இதுதான் அவருடைய வழி. கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்' ஆனது அப்படித்தான். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் தனித்தமிழ்ச் சொல்லுக்காகப் பாடத்தை நிறுத்தி வைக்கவில்லை அவர்.

விலா, தோள்பட்டை, முழங்கால் என்று உடம்பின் வெளிப்பக்கத்துக்குத் தமிழில் சொல் ஏராளம். தோலுக்கு உள்ளேதான் சிக்கல். எந்த எலும்பில் எந்த மேடு, எந்தக் குழியில் எந்த மூட்டு உட்காருகிறது, எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வேண்டும். லண்டனில் 1858-ல் வெளியாகி உலகமே படித்த கிரே'ஸ் அனாட்டமியை எடுத்து அந்த வேலையைச் செய்தார்கள். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் அது தமிழில் வந்தது. ஆங்கில மூலத்துக்கும் தமிழுக்கும் இடைவெளி வெறும் 14 ஆண்டு! அறுவை சிகிச்சைக்கு 'இரணவைத்தியம்', பிரசவத்துக்குத் தனி நூல் என்று மற்றவையும் வந்தன.

உடல்நிலை சரியில்லாமல் 1873-ல் ஊர் திரும்பினார். அதற்குள் 60-க்கும் அதிகமானோரை மருத்துவர்களாக்கியிருந்தார். அவருக்குப் பிறகு தமிழ் வகுப்பு நீண்டநாள் ஓடவில்லை. சொற்களும் ஆளுக்கொரு திசையில் போயின. இலங்கைப் பாடநூலில் இன்று 'என்பு', தமிழ்நாட்டில் 'எலும்பு'.

வூஸ்டரில் இருந்தபடியே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார் கிரீன். 1884-ல் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவமனை அவர் பெயரிலேயே இருக்கிறது.