மயிலாடி வேதமாணிக்கம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துச் சேரிகளில் வேதக் கோயில் உள்ள ஊர்கள் பல. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடிய ஏச்சு ஒன்று உண்டு. உங்கள் பாட்டன் கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறினவன் என்பதுதான் அது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய பாதிரியார்களை நம்பிப் போன குடும்பங்கள் தமிழகத்தில் இருக்கத்தான் செய்கின்றன. பசித்தவன் கஞ்சி குடித்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கஞ்சி ஊற்ற எந்தத் துரையும் வராத காலத்தில், கடவுளைத் தேடித் தானே நடந்துபோன ஒருவரை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் மகராசன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் மயிலாடி என்னும் ஊரில், பறையர்களில் ஒரு பிரிவாகிய சாம்பவர் குலத்தில் பிறந்தவர். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஒடுக்கப்பட்டவன் தலைக்கு வரி கட்ட வேண்டும், கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும், பொதுவழியில் ஒதுங்கி நடக்க வேண்டும். நம் மக்களில் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். மகராசன் குலதெய்வ வழிபாட்டில் ஊறிய பக்திமான். அந்தப் பக்தியே அவரை வீட்டில் இருக்க விடவில்லை.

மருமகன் சிவகுருநாதனைக் கூட்டிக்கொண்டு கால்நடையாகச் சிதம்பரம் போனார். நந்தன் கதையால் நம் மக்கள் அனைவரும் அறிந்த ஊர் அது. நந்தனுக்குத் திறக்காத வாசல் மகராசனுக்கு மட்டும் திறந்துவிடுமா? அங்கே அவர் மனம் ஆறவில்லை. கனவில் ஒரு பெரியவர் தோன்றி வழி காட்டினார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. கனவோ நனவோ, அங்கிருந்து தஞ்சாவூரில் இருந்த உறவினர்களிடம் போனார். அவர்கள் முன்பே கிறித்தவர்கள். கோலாப் பாதிரியாரின் பிரசங்கத்தை அங்கே கேட்டார். 1799ஐ ஒட்டி ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார். இருவரும் வேதப் புத்தகத்தோடு ஊர் திரும்பினார்கள்.

அன்று மயிலாடியில் வெள்ளைக்காரர் இல்லை, மிஷன் பள்ளி இல்லை, மருத்துவமனை இல்லை. வேதமாணிக்கம் முதலில் தன் வீட்டாரிடம் பேசினார், பிறகு உறவுமுறையிடம். வீட்டுக்குப் பெரியவர் சொன்ன சொல்லைக் கேட்டு ஒரு சிறு சபை கூடிற்று. சும்மா விடுவார்களா மேல்சாதியார்? தொல்லை பொறுக்க மாட்டாமல் ஊரையே விட்டுப் போய்விடலாமா என்று யோசித்த நாளும் உண்டு. அந்த நிலையில்தான் அவர் ஒரு குருவைத் தேடிப் போனார். தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே, லண்டன் மிஷனைச் சேர்ந்தவர், அவரிடம் வருமாறு கேட்டார். 1806 ஏப்ரல் 25 அன்று ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். ஆதாயம் தேடி வருகிறவர்களைச் சந்தேகத்தோடேயே பார்த்த மனிதர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கோயில் கட்ட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சிக் காலத்தில் கிறித்தவர்கள் மறைந்து வாழ வேண்டியிருந்தது. அது அடங்கிய பிறகு, ரெசிடெண்ட் மெக்காலேயின் தலையீட்டால் 1809இல் மயிலாடிக் கோயில் எழுந்தது. அதே ஆண்டு அங்கே தொடங்கிய பள்ளியிலிருந்துதான் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் வயதைக் கணக்கிடுகிறது. ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளில் அக்கல்லூரியில் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு இது தெரியும் என்று.

1816இல் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, சபைகளை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி மீட் வந்து சேரும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பொறுப்பு முழுவதும் அவர் தலைமேல்தான். தாமரைக்குளம், பிச்சைக்குடியிருப்பு, ஈத்தாமொழி என்று சபைகள் அதற்குள் பரவியிருந்தன. அவற்றில் சாம்பவர் அல்லாதவர்களும் இருந்தார்கள். பொது வழியில் ஒதுங்கி நிற்க வேண்டிய சாதியில் பிறந்தவர், பல சாதியார் கூடிய சபைகளை நடத்தினார். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமா? நம் பார்வையில், அவர் வாழ்க்கையில் மிஷன் சரித்திரக்காரர்கள் விரைந்து தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

1827இல் அவர் இறந்தார். திருவிதாங்கூரில் அடிமைகளுக்கு விடுதலை 1855இல்தான் வந்தது. மகராசனாகவே இருந்திருந்தால் அவர் வழியினர் இன்று பட்டியல் சாதி. வேதமாணிக்கம் ஆனதால், 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தச் சான்றிதழுக்கு உரிமை இல்லாதவர்கள். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு கிறித்தவ தலித்துகளுக்குத் திறக்கவில்லை. இதை ஆராய நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை ஒன்றிய அரசு 2022இல் அமைத்தது. நம் பக்கத்துச் சேரிகளில் அண்ணன் ஒரு சான்றிதழும் தம்பி வேறு சான்றிதழும் வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

மயிலாடியில் இன்று நிற்கும் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கு ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்று பெயர். அழைத்தவர் பெயர், வந்தவர் பெயருக்குப் பின்னால் இருக்கிறது.