டாக்டர் சௌரி முத்து

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் ஸ்டேஷனுக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். அப்பெயரை நாள்தோறும் சொல்லும் பல்லாயிரவரில், அதற்குக் காரணமானவர் இன்னாரென்று அறிந்தோர் எத்தனை பேர்? கவர்னர்களின் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டிப் பெருமை கொண்ட நகரம், டாக்டர் டேவிட் சௌரி முத்துவை மறந்துவிட்டது. தொற்றுச் சுரம் வரும்போதெல்லாம் நாம் அவரை நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1864இல் பிறந்த சௌரி முத்து, இங்கிலாந்து சென்று வைத்தியம் பயின்று, அங்கேயே தொழில் நடத்தினார். ஸாமர்ஸெட் ஜில்லாவில் மெண்டிப் குன்றுகளின்மீது க்ஷயரோகிகளுக்கான ஆரோக்கிய நிலையமொன்றை அவர் நடத்தி வந்தார். அக்காலத்தில் இந்தியர் ஒருவர் ஆங்கிலேய வைத்தியரிடம் நோயாளியாய்ப் போவது எளிது. ஆங்கிலேய நோயாளிகள் தம்மிடம் உயிரை ஒப்புவிக்கும்படி தலைமை வைத்தியராய் அமர்வது எளிதன்று. அதை அவர் சாதித்தார்.

க்ஷயத்துக்கு அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். அதுவரை வைத்தியர் கையிலிருந்த சாதனங்கள் சுத்தமான காற்று, வெயில், புஷ்டியான ஆகாரம், ஓய்வு ஆகியவையே. கணித மேதை இராமானுஜன் 1914இல் சீமைக்குச் சென்ற கப்பலில் சௌரி முத்துவும் பிரயாணம் செய்தார். 1917இல் இராமானுஜன் நோயுற்றபோது, அந்தப் பழைய சகபிரயாணியின் மெண்டிப் நிலையத்திலேயே சில காலம் தங்கினார்.

மறு ஆண்டு உலகத்தையே உலுக்கிய இன்ஃப்ளூயென்ஸா வந்தது. நம் தேசத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை அது கொண்டுபோயிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே, நோயாளிகளைத் திறந்தவெளிக் கூடாரங்களில் கிடத்திச் சிகிச்சை செய்தார்கள். க்ஷயரோகிகளுக்குப் பழகிய முறையை விஷ சுரத்துக்கும் துணையாகக் கொண்டார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுத் திறந்தவெளிச் சிகிச்சையின் அனுபவத்தைச் சௌரி முத்து 1922இல் நூலாக வெளியிட்டார். கிருமியைக் காட்டிலும் மனிதனின் குடியிருப்பும் உணவும் காற்றுமே அவர் சிந்தனையில் முதலிடம் பெற்றன. அதை நாம் முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. கிருமியைக் குறைத்து மதித்தவர்கள் பிற்பாடு தோற்றார்கள். ஆயினும் காற்றைப் பற்றிய அவருடைய கட்சி தோற்கவில்லை.

1928இல், பச்சைமலைச் சாரலில் ஏறக்குறைய 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளுடன் தாம்பரம் நிலையத்தை அவர் தொடங்கினார். பன்னிரண்டு நோயாளிகளுக்கு இருநூற்றைம்பது ஏக்கரா என்று கணக்குப் பிள்ளைகள் நகைத்திருக்கக்கூடும். நகரத்தின் நெரிசலிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் படுக்கையைப் போடுவதே அவர் கொண்ட வைத்தியம். 1937இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. 1940இல் அவர் காலமானார்.

நிற்க. அவர் நோயாளியின் நுரையீரலுக்காகத் திறந்த ஜன்னல், அடுத்த படுக்கையிலிருப்பவரையும் காக்கும் என்பதைப் பிற்காலத்தார் அளந்தே காட்டினர். 2007இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், பெரு தேசத்து லீமா நகர ஆஸ்பத்திரிகளைச் சோதித்தார்கள். கதவு ஜன்னல்களைத் திறந்த அறைகளில் மணிக்குச் சுமார் 28 தடவை காற்று மாறிற்று. இயந்திரம் வைத்த தனியறைகளுக்கு வகுத்த அளவோ 12 தடவைதான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள், ஜன்னல் வைத்த புதிய கட்டடங்களைவிடச் சிறந்து நின்றன. 2009இல், பன்றிக் காய்ச்சல் பரவிய அதே ஆண்டில், உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கொன்று வகுத்தது: காற்றில் பரவும் நோயாளியின் அறைக்குத் தலைக்கு விநாடிக்கு 160 லிட்டர் காற்று, பொது வார்டுக்கு 60 லிட்டர்.

காற்று மட்டும் போதுமென்று நாம் வாதிக்கவில்லை. இருமுகிறவருக்கு முகக்கவசம், படுக்கைக்குப் படுக்கை ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி, கை கழுவுதல், தனி வழி ஆகிய யாவும் வேண்டும். தனியறையின் காற்று வெளியே போக வேண்டுமேயன்றி அடுத்த வார்டுக்குள் புகலாகாது. கொசு மிகுந்த தென்சென்னையில் ஜன்னலுக்கு வலை அவசியம். வலை காற்றைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் சந்தேக நோயாளி பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். நீதிஸ்தலத்தில் சந்தேகத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளிப்பது முறை; ஆஸ்பத்திரியில் அப்பலன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உரியது. முடிவு வரும் வரை, நோய் உண்டென்றே கொண்டு அவரைத் தனியே வைக்க வேண்டும். குளிர்சாதனத்துக்காக அடைத்த கூடத்தில், கர்ப்பிணிகளோடும் கிழவர்களோடும் அவரை வரிசையில் நிறுத்துவது எந்த வைத்தியம்?

சௌரி முத்துவின் நிலையம் இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக 700க்கு மேற்பட்ட படுக்கைகளுடன் நடக்கிறது. எய்ட்ஸ் நோயாளிகளைப் பலரும் தொட அஞ்சிய 1990களில் அவர்களை ஏற்றது அது. 2020இல் கோவிட் நோயாளிகளையும் ஏற்றது. தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை இப்பொழுது எழும் புது ஆஸ்பத்திரிகளின் படங்களில் கண்ணாடிச் சுவர்களையே மிகுதியாகக் காண்கிறோம். அப்படங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள், கையெழுத்திடுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: மின்சாரம் நின்றுபோனால், வெளிநோயாளிக் கூடத்தில் தலைக்கு எத்தனை லிட்டர் காற்று?