யார் இந்த மஹலனோபிஸ்? சில ஆயிரம் வீடுகளைக் கேட்டு ஒரு நாட்டையே கணக்கிட்டவரின் கதை

கோப்பெங் மாதிரி ஒரு சின்ன டவுனில், புள்ளிவிவரத் துறை ஊழியர் ஒருவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு போனது, எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. இப்படி நாடு முழுக்கத் திரட்டும் பதில்களில் இருந்துதான் வறுமை விகிதம் வருகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்துவதும் இதே தரவைத்தான்.

சில வீடுகளை மட்டும் கேட்டுவிட்டு மொத்த நாட்டைப் பற்றிப் பேச முடியுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சரிதான், ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருக்கணும். மேலாக எடுத்தால் அடியில் என்ன ஆச்சு என்று தெரியாது. அந்தக் கிளறும் வேலையை மிகப்பெரிய ஒரு நாட்டில் செய்து காட்டியவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ்.

ராமானுஜனின் நண்பர்

1893 ஜூன் 29-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். இயற்பியல் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனார். அங்கே கணித மேதை ராமானுஜன் பழக்கமானார். குளிரில் ராமானுஜன் கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்குவது தெரிந்ததும், கம்பளிக்கு உள்ளே புகுந்து படுப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தது இவர்தான்.

1915-ல் ஊர் திரும்பும்போது 'பயோமெட்ரிக்கா' என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கி, கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தார். இயற்பியல் வாத்தியார் புள்ளியியலுக்கு மாறியது அப்படித்தான். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது.

1930-களின் பிற்பாதியில் வங்காளத்தின் சணல் விளைச்சலைக் கணக்கிட இறங்கினார். எல்லா வயலையும் அளக்காமல், குலுக்கல் முறையில் சில நிலத்துண்டுகளை மட்டும் எடுத்தார். அதோடு இன்னொரு காரியமும் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பினார். இரண்டு கணக்கும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால், எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துவிடும். அவரது மூளையின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது. தன் ஆட்களே தப்பு செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் அவர் வேலையைத் தொடங்கினார்.

1943: பஞ்சமும் சயாம் ரயிலும்

1943-ல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் மஹலனோபிஸின் குழு கிராமம் கிராமமாகப் போய் மாதிரிக் குடும்பங்களைக் கேட்டது. யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை இழந்தார்கள், எந்தத் தொழில் செய்தவர்கள் பிச்சைக்கு வந்தார்கள் என்று தொழில்வாரியாகப் பதிவு செய்து, 1946-ல் வெளியிட்டது.

சுமார் 35 ஆண்டுகள் கழித்து, பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் அதே அட்டவணைகளை எடுத்தார். விவசாயக் கூலிகளும் மீனவர்களும்தான் அதிகம் நசுங்கியிருந்தார்கள். உணவு குறைந்ததைவிட, அதை வாங்கும் சக்தி சிலருக்கு இல்லாமல் போனதுதான் காரணம் என்று 1981-ல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். பழைய சர்வே ஒன்று பஞ்சம் பற்றிய உலகின் பார்வையையே மாற்றிவிட்டது.

அதே 1943-ல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே கணக்கு இன்றுவரை இல்லை. வங்காளத்துக் கூலிக்காரருக்காவது ஓர் அட்டவணை மிஞ்சியது.

ஒரு வாரமா, ஒரு மாதமா?

1950-ல் மஹலனோபிஸ் முயற்சியில் இந்தியாவின் தேசிய மாதிரி சர்வே தொடங்கியது. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கே சோதனை நடந்தது. போன வாரம் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்றால் ஒரு பதில், போன மாதம் என்றால் வேறு பதில்! சோதனைக்குப் பிறகு 30 நாள் முறை நிலைத்தது. 1999-2000 சர்வேயில் கேட்கும் முறை மாறியதும், வறுமை நிஜமாகவே குறைந்ததா என்று பெரிய சண்டை வந்தது. அந்தத் தரவைச் சரிசெய்ய உழைத்தவர்களில் ஒருவர் ஆங்கஸ் டீட்டன். 2015-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

மலேசியாவிலும் குடும்ப வருமான சர்வே 1970-களில் இருந்து நடக்கிறது. 1970-ல் தீபகற்ப மலேசியாவின் இந்தியக் குடும்பங்களில் 39.2 சதவீதம் ஏழைகள் என்கிறது அரசுக் கணக்கு. ஆனால் அந்த ஒரே எண்ணுக்குள் ஈப்போ வக்கீலும் இருக்கிறார், பால் மரம் வெட்டிய தோட்டத் தொழிலாளியும் இருக்கிறார். இருவரையும் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு குடும்பத்தின் பதிலும், பெயர் நீக்கி, ஆய்வாளருக்குக் கிடைக்கணும். அப்போதும் கோப்பெங்கை மட்டும் தனியாகப் பேச முடியாது. நாட்டுக்காக எடுத்த மாதிரியில் ஒரு சிறு ஊரின் வீடுகள் மிகச் சிலவே இருக்கும்.

மஹலனோபிஸ் 1972 ஜூன் 28-ம் தேதி, 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் காலமானார். அவர் தொடங்கிய சர்வேயின் 2017-18 செலவினத் தரவை, தரத்தில் குறை இருப்பதாகச் சொல்லி இந்திய அரசு வெளியிடவில்லை. ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தும் பலனில்லை. 2011-12-க்கு அடுத்த செலவினத் தரவு, 2022-23 சர்வேயில் இருந்து, 2024-ல்தான் அவர்கள் கைக்கு வந்தது.